ஏகமனதாகத் தெரிவான முகாமையாளர்

தம்பி, இந்தக் கடிதத்தை நீ உன் சப்பாத்துப் பெட்டியின் மேல் காண்பாய். அந்த நேரம் நான், என்னை வேலைக்கு வைத்திருக்கும் சின்யோராவின் வீட்டில் அவருக்கு உப்பில்லாத சூப் வைத்துக்கொண்டிருப்பேன். ஒரே வீட்டில், ஒரே குளியலறையை முறைவைத்துப் பாவித்துக்கொண்டு, அப்பா மகனுக்குக் கடிதம் எழுதுகிறார் என்று உனக்குச் சிரிப்பு வரலாம். சிரித்துவிட்டு முழுவதையும் வாசி. நேரே கேட்டிருக்கலாமே என்று அம்மாவும் சொன்னாள். நேரே கேட்டால் நீ என் முகத்தைப் பார்ப்பாய். அதில் எது தெரிகிறதோ அதற்கேற்ற பதிலைச் சொல்லிவிடுவாய். அப்படி உன்னைப் பழக்கியவன் நான்தான். செப்டெம்பரில் உனக்குக் கல்யாணம் என்பது இந்தச் சீசாப் பகுதியில் இருக்கும் எங்கள் சனத்தில் பாதிப்பேருக்கு இப்போது தெரியும். உனக்கு அதில் விருப்பமா என்பதுதான் எனக்குத் தெரியாது. அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன் இரண்டு வருடத்துக்கு முந்திய ஒரு வியாழக்கிழமையைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும்.

உனக்குத் தெரியும், நான் தைரியமான ஆள் அல்ல. ஊரில் ஒரு கந்தோரில் இருபத்திரண்டு வருடம் கோப்புகளை ஒழுங்குபடுத்தியவன். யாரும் கோபிக்காதபடி ஒரு கூட்டறிக்கை எழுதுவது எப்படி என்பதுதான் நான் உலகத்தில் நன்றாகக் கற்ற ஒரே வித்தை. பலெர்மோவுக்கு வந்து இன்னொருவர் வீட்டு வெள்ளிக் கரண்டிகளைத் துடைக்கத் தொடங்கிய பிறகு அந்த வித்தைக்கு வேலையில்லாமல் போயிருந்தது. இங்குள்ள எங்கள் சனத்தின் விளையாட்டுக் கழகத்துக்குச் செயலாளராக வரச்சொல்லிக் கேட்டபோது, வெளியில் தயங்கினாலும் உள்ளே எவ்வளவு மகிழ்ந்தேன் என்று உங்களிடம் சொல்லவில்லை. உதைபந்தாட்டம் எனக்கு இன்றைக்கும் சரியாக விளங்காது. ஓஃப்சைட் என்றால் என்ன என்று உப்புப் போத்தலையும் மிளகுப் போத்தலையும் மேசையில் நகர்த்தி நீ மூன்று தரம் விளங்கப்படுத்தினாய். மூன்று தரமும் ஓம் என்றேன். விளங்கவில்லை. மைதான ஓரத்தில் கொப்பியோடு நின்று, யார் எந்த நிமிடத்தில் கோல் போட்டான் என்று எழுதுவேனே தவிர, நான் பார்த்ததெல்லாம் உன் வலது முழங்காலைத்தான். அது வீங்காமல் ஆட்டம் முடிந்தால் எனக்கு வெற்றி.

இத்தாலி பெனால்டியில் உலகக் கிண்ணத்தைத் தவறவிட்ட கோடைக்கு அடுத்த வருடம், எங்கள் அணியின் பழைய முகாமையாளர் கனடாவுக்குப் போனார். பதினொருவரைத் தெரிவுசெய்வது, பயிற்சி கொடுப்பது, கோடையில் மற்ற நகரங்களின் தமிழ் அணிகளோடு விளையாடக் கூட்டிப்போவது எல்லாம் அவர் வேலை. அந்த இடத்துக்கு இரண்டு பெயர் அடிபட்டது. ஒருவர் சிவபாதத்தார். பந்தை அவர் காலால் தொட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் எங்களில் யாருக்காவது வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் விடியப்புறமே குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோர் வரிசையில் கூட நிற்பவர் அவர். பொலிஸ்காரனுக்கு முன்னால் எங்கள் வாய் ஒட்டிக்கொள்ளும்போது எங்களுக்காக இத்தாலியனில் கதைத்தவர். என் கையிலிருக்கும் பெர்மெஸ்ஸோவும், உன்னையும் அம்மாவையும் கூப்பிட்ட கடதாசிகளும் அவர் முகத்துக்காகக் கிடைத்தவை. மற்றவர் குரூஸ். மன்னார்க்காரர், இளவயதில் தன் மாவட்டத்துக்கு விளையாடியவர், மொண்டெல்லோவில் ஒரு ரெஸ்ரோறன்றில் பாத்திரம் கழுவுகிறார். பயிற்சி முடிந்தபின் அவர் உங்களோடு அரைமணி நேரம் நின்று பந்தைக் கட்டுப்படுத்தக் காட்டித்தருவார் என்பதும், பெடியள் எல்லாரும் அவரைத்தான் விரும்பினீர்கள் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்ள முயலவில்லை என்பதுதான் சரி.

எங்கள் சனம் கூட்டத்தில் எதையும் தீர்மானிப்பதில்லை. கூட்டத்துக்கு முன் தொலைபேசியில் தீர்மானித்து, கூட்டத்தில் கைதட்டும். கை உயர்த்தி எண்ணினால் தோற்றவருக்கு அவமானம், வென்றவருக்கும் ஒரு மாதிரி. அந்த வாரம் செயலாளர் என்ற முறையில் வீட்டுத் தொலைபேசிக் கட்டணம் ஏறாமலிருக்க, கார்ட் போட்டுப் பேசும் தெருக் கூண்டிலிருந்து நிர்வாகக் குழுவில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். "சிவபாதத்தாரைப் போடுவமோ?" "உங்களுக்குச் சரியெண்டா எங்களுக்கும் சரி." பத்துப்பேரும் இதையே சொன்னார்கள். ஒரு சிறு பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் சரி போட்டேன். பதினோராவது பெயர் உன்னுடையது. விளையாட்டு வீரர்களின் பிரதிநிதி, அணித் தலைவன். உன் பெயருக்கு முன்னாலும் சரி போட்டேன், தம்பி. போர்கோ வெக்கியோவில் இருப்பவரைக் கேட்டேன், மொண்டெல்லோப் பக்கத்தில் தங்கி வேலை செய்பவரை இரண்டு தரம் கூப்பிட்டுப் பிடித்தேன். அடுத்த அறையில் இருந்த உன்னிடம் கேட்கவில்லை. நீ என் வீட்டில் இருந்தாய், ஆகவே உன் சம்மதமும் என் வீட்டில் இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

இன்னொன்றும் செய்தேன். எங்கள் எல்லாருக்கும் வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் ஓய்வு; தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள மண்டபத்தைப் பாதிரியார் இரண்டு மணித்தியாலத்துக்குத்தான் தருவார். நேரம் மிச்சம்பிடிக்கலாம் என்று கூட்டறிக்கையைப் புதன்கிழமையே, சின்யோரா மத்தியானம் தூங்கும்போது, நல்ல எழுத்தில் எழுதி முடித்தேன். 'புதிய முகாமையாளராகத் திரு. சிவபாதம் அவர்கள் ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டார்.' முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர்களோடு. கையெழுத்துகள் மட்டுந்தான் மிச்சம். அந்தப் பக்கத்தைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

மண்டபத்தில் நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் நான் எங்கிருந்து பார்த்தேன் என்பது தெரியாது. தலைவர் பெயரைச் சொன்னார், கைதட்டலுக்குக் கைகள் எழும்பின, நீ கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினாய். "பெடியள் என்னட்டை ஒண்டு சொல்லிவிட்டவங்கள். எங்களுக்கு குரூஸ் அண்ணை வேணும்." எழும்பிய கைகள் அப்படியே நின்றன. பின்வரிசையில் யாரோ, "கோப்பை கழுவுற ஆளைக் கொண்டுவந்தா கோப்பை எடுப்பியளோ?" என்றார். கடைசிக் கதிரையிலிருந்து இன்னொருவர், "ஏன், நீர் இஞ்சை பாங் மனேச்சரோ? நேற்றும் சின்யோராவின்ரை நாயைக் குளிப்பாட்டினதைக் கண்டனான்," என்றார். சிரிப்பு வந்தது. குரூஸ் சிரிக்கவில்லை, கதவோரம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ஒருவர், "மன்னார்ப் பெடியள் நாலுபேருக்காக எல்லாரையும் மாத்தேலாது," என்றார். நீ அவரைப் பார்த்து, "நாலுபேரில்லை அண்ணை, பதினாலு பேர். நான் எங்கட ஊர்ப் பெடியளையும் சேத்துத்தான் சொல்லுறன்," என்றாய். உன் குரல் நடுங்கியது. ஆனால் நின்றாய். எனக்கு வாழ்க்கையில் ஒருநாளும் வராத தைரியம் அது என்று மனதின் ஒரு மூலை சொல்லிக்கொண்டிருந்தது.

அப்போது சிவபாதத்தார் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாக அல்ல, ஒரு மாதிரி நோவோடு. குவெஸ்தூரா வரிசையில் மழைக்குள் என்னோடு நின்ற அதே முகம். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "தம்பி, இரு. அது முடிஞ்ச கதை." நீ என்னைப் பார்த்தாய். பிறகு எனக்கு முன்னால் விரிந்திருந்த கொப்பியைப் பார்த்தாய். மேசைக்குப் பக்கத்தில்தானே நின்றாய், வாசித்திருப்பாய். மை காய்ந்து ஒரு நாளாகியிருந்தது. நீ கதிரையை இழுத்து அதில் இருந்துவிட்டாய். நீ இருந்த அந்த நொடியில் எனக்கு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்காகத்தான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

அதன் பிறகு எங்கள் சனம் இரண்டாகியது. மன்னார்ப் பெடியள் நால்வரும் பயிற்சிக்கு வருவதை நிறுத்தினார்கள். தேவாலயத்தில் பூசைக்குப் போகிறவர்கள் ஒரு கதையும், சைவர்கள் கோவிலாக்கிய அறையில் கூடுகிறவர்கள் இன்னொரு கதையும் சொன்னார்கள். தமிழ்க்கடைக் கதவில் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டியிருந்தது: 'முகாமையாளரைத் தெரிவுசெய்தது கழகமோ, கொப்பியோ?' கடைக்காரர் அதைக் கிழித்து என் கையில் தந்து, "பெடியள்தானே, விடுங்கோ செக்கிரட்டரியார்," என்றார். நான் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் என்னைக் கண்டவர்கள் யன்னலுக்கு வெளியே பார்த்தார்கள், அல்லது அப்படி எனக்குத் தோன்றியது. எனக்கு எப்போதும் அப்படித் தோன்றும்.

ஒரு சனிக்கிழமை சின்யோராவுக்கு மீன் வாங்கப் போர்கோ வெக்கியோ சந்தைக்குப் போனபோது குரூஸ் எதிர்ப்பட்டார். ஒளிய இடமில்லை. அவரே வந்து என் பையை வாங்கிப் பார்த்து, "இது பழைய மீன், செக்கிரட்டரியார். குடுத்திட்டு வேறை வாங்குங்கோ," என்று தானே மாற்றித் தந்தார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கையை அசைத்தார். "எனக்கென்ன, கோடைக்கு எப்பிடியும் லீவு தரமாட்டாங்கள். நான் அதைப்பற்றி யோசிக்கேல்லை. பெடியன் எழும்பினான் பாருங்கோ, அது எனக்குச் சந்தோசம். பிறகு இருந்திட்டான். அதுதான் கவலை." நல்ல மீனை வாங்கிக்கொண்டு சின்யோராவின் வீட்டுக்குப் போனேன். அன்று சின்யோரா சமையல் நன்றாயிருக்கிறது என்று சொன்னார்.

சிவபாதத்தாரைக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. அந்த வருடம் அவர் ஒரு பயிற்சியையும் தவறவிடவில்லை. கோடையில் நீங்கள் அரையிறுதிவரை போய்ப் பெனால்டியில் தோற்றீர்கள். திரும்பும் ரயிலில் அவர் முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டு அழுதார், நீதான் பக்கத்தில் போய் இருந்தாய். குரூஸ் இருந்திருந்தால் வென்றிருப்பீர்களா? எனக்குத் தெரியாது, தம்பி. யாருக்கும் தெரியாது. நான் செய்தது சரி என்று நிரூபிக்க ஒரு கிண்ணமும் கிடைக்கவில்லை, பிழை என்று நிரூபிக்க ஒரு படுதோல்வியும் இல்லை. ஒருவேளை அவரும் சரியான ஆளாகவே இருந்திருக்கலாம். நான் தவறவிட்டது ஆளை அல்ல. கேள்வியை.

மாறியது வீட்டில்தான். முன்பெல்லாம் நீ சாப்பாட்டு மேசையில் பந்தைப் பற்றிக் கதைப்பாய், அம்மா சோறு ஆறுகிறது என்பாள். அது நின்றது. நீ கோபிக்கவில்லை, கோபித்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். எதைக் கேட்டாலும், "நீங்கள் பாத்துச் செய்யுங்கோ அப்பா," என்றாய். வீடு மாறுவதா, "பாத்துச் செய்யுங்கோ." ஒரு கட்டடத்தின் மாடிப்படிகளைத் துப்புரவாக்கும் வேலையை எடுப்பதா, "பாத்துச் செய்யுங்கோ." அம்மா எல்லாரிடமும் என் பிள்ளை போல அடக்கமான பிள்ளை இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். நானும் கொஞ்ச நாள் அதை நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது.

யோசித்துப் பார்த்தால் அது அந்த மண்டபத்தில் தொடங்கியதும் அல்ல. உனக்குப் பதினைந்து வயதில் உன்னை இங்கே கூப்பிட்டேன். கடதாசி சரிவந்துவிட்டது, அம்மாவோடு வா என்று எழுதினேன். நீ வந்து இறங்கிய அன்று, பெட்டியைத் திறக்க முன்னமே, பள்ளிக்கூட அணியில் உன்னைச் சேர்த்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது என்று சொன்னாய். ஒரு குறையாக அல்ல, ஒரு செய்தியாகச் சொன்னாய். சண்டை நடக்கும் ஊரிலிருந்து பிள்ளையை எடுத்ததற்கு எந்த அப்பனும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை, மறுபடியும் எடுப்பேன். ஆனால், "உனக்கு எப்படி இருக்கிறது" என்று ஒரு வரி அந்தக் கடிதத்தில் எழுத இடம் இருந்தது. கீழே நாலு விரல் அகலத்துக்கு வெறும் தாள் இருந்தது, எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இனிக் கல்யாணத்துக்கு வருகிறேன். கத்தானியா நகரத்திலிருந்து பொன்னுத்துரை தன் மகளுடைய படத்தையும் சாதகக் குறிப்பையும் அனுப்பினார். பொருந்தியது. இரண்டு ஞாயிறுக்கு முந்தி நீ மைதானத்துக்குப் போகச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, உனக்குச் சம்மதமா என்று கேட்டேன். கேட்டேன் என்றுதான் நினைத்தேன். நீ நிமிராமல், "எழுதிப்போட்டியளோ அப்பா? எழுதினாச் சரி," என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனாய். அம்மா அதை ஓம் என்று எடுத்தாள். நானும் அடுத்த நாள் பொன்னுத்துரைக்குத் தொலைபேசி எடுத்து, "மகனுக்குப் பூரண சம்மதம்," என்றேன். பூரண என்ற சொல்லை யார் என்னிடம் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை. அறிக்கைக்கு அழகாக இருக்குமென்று நானே சேர்த்தேன்.

அன்றிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. சின்யோராவின் மருந்தை இரண்டு தரம் மாற்றி எடுத்து, நல்லவேளை கொடுக்க முன்னமே கண்டுபிடித்தேன். நேற்று அம்மாவிடம் சொன்னேன், அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்கப்போகிறேன் என்று. "உங்களுக்கு விசரோ? அவன் ஓமெண்டுதானே சொன்னவன்," என்றாள். "ஓமெண்டு சொல்லேல்லை. எழுதினாச் சரியெண்டு சொன்னவன்." "ரெண்டும் ஒண்டுதானே?" "இல்லை," என்றேன். அவள் மிச்ச வெங்காயத்தையும் வெட்டி முடித்தாள். பிறகு, "கலியாண மண்டபத்துக்கும் ஆக்களுக்கும் என்ன மறுமொழி சொல்லுறது?" என்றாள். நான் தொலைபேசிக் கார்டைத் தேடி எடுத்தேன். அதே தெருக் கூண்டுக்கு நடந்து போனேன்.

பொன்னுத்துரை எடுத்ததும், "சொல்லுங்கோ சம்பந்தி," என்றார். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் வைத்துவிட நினைத்தேன். பிறகு ஒரே மூச்சில் சொன்னேன்: "அண்ணை, நான் உங்களுக்குப் பிழையாச் சொல்லிப்போட்டன். மகனிட்டை நான் இன்னும் ஒழுங்காக் கேக்கேல்லை. அவன்ரை சம்மதமெண்டு சொன்னது என்ரை சம்மதம்." கார்டில் மிச்சமிருந்த காசு திரையில் குறைந்துகொண்டே போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏச்சு வரும், அதை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். வந்தது மிகவும் சின்னக் குரல்: "நானும் கேக்கேல்லை, செக்கிரட்டரியார்." "என்னத்தை?" "பிள்ளையிட்டை. படத்தைக் காட்டினனான். பாத்திட்டு மேசையிலை வைச்சிட்டு உடுப்பு அயன் பண்ணப் போயிட்டாள். முகம் சுளிக்கேல்லை எண்டு நான் ஓமெண்டு எடுத்திட்டன். தாயில்லாத பிள்ளை, என்னட்டை எப்பிடி வேண்டாமெண்டு சொல்லுறது?"

இரண்டு கிழவர்களும் சிரித்துவிட்டோம் என்று நினைக்கிறேன். அவர் அழுதிருக்கவும் கூடும், லைன் தெளிவில்லை. முடிவில் இப்படிப் பேசிக்கொண்டோம். அவர் மகளுக்கும் வியாழன் பின்னேரம் ஓய்வு. இந்த வியாழன் நாலு மணிக்கு அவள் வீட்டில் தனியே இருப்பாள், பொன்னுத்துரை வெளியே போய்விடுவார். இலக்கம் அம்மாவிடம் இருக்கிறது. நீ வீட்டுத் தொலைபேசியிலேயே எடுத்துக் கதை. விரும்பினால் மட்டும் எடு. அவள் வேண்டாம் என்று சொல்லலாம், நீ சொல்லலாம், இரண்டுபேரும் இன்னும் கொஞ்சம் கதைத்துப் பார்ப்போம் என்று சொல்லலாம். எது என்றாலும் ஆக்களுக்குச் சொல்வது என் பொறுப்பு. எனக்கு அது பயம்தான். பயத்தோடு சொல்வேன். அவளைக் கட்டினாலும், வேறு யாரைக் கட்டினாலும், உன்னிடம் நான் வேண்டுவது ஒன்றே: உன் கூரைக்குக் கீழே இருப்பவர்களிடம் கேள். வெளியில் இருப்பவர்களைக் கேட்க மரியாதை நம்மைத் தள்ளும். உள்ளே இருப்பவர்களைக் கேட்க ஒன்றும் தள்ளாது, நாமேதான் கேட்க வேண்டும். ஓம் என்று உடனே வந்தால் ஒருமுறை பொறுத்து மறுபடியும் கேள்.

வியாழன் அந்த நேரத்தில் அம்மாவும் நானும் வீட்டில் இருக்கமாட்டோம். இதை எழுதும் முன்னர், மொண்டெல்லோவுக்குப் பஸ்ஸில் போய்க் கடல் பார்ப்போமா, விருப்பமா என்று அவளிடம் கேட்டேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எங்கே போகலாம் என்று அவளை நான் கேட்டது இதுதான் முதல் தரம் என்று அவள் முகத்தைப் பார்த்தபோது விளங்கியது. நான் ஓமை எதிர்பார்த்தேன். காய் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "கடல் வேண்டாம்," என்றாள். "எனக்குக் கடலைப் பாத்தா வீட்டு நினைவுதான் வரும். எனக்கு ஒரு நல்ல செருப்பு வேணும். ரெண்டு வருசமாக் காலை வெட்டுது." இரண்டு வருடமாக, தம்பி. செருப்புக் கடைக்குப் போகிறோம். அவசரப்படாமல் பார்த்து எடுக்கச் சொல்லியிருக்கிறேன். திரும்பிவர ஆறு மணியாவது ஆகும்.

அப்பா